பதினாறு பிக்சலில் ஒரு முழுப் படம்: வலைப்பக்கத்துக்கு மங்கல் பிளேஸ்ஹோல்டர் செய்யும் முழு வழிமுறை

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஒட்டிய தெருக்களில் நடந்தால், லாட்ஜ் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தும் இந்தியும் இருப்பதைப் பார்க்கலாம். கல்கத்தாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் ரயிலில் உட்கார்ந்தபடியே, காட்பாடியில் இறங்கும் முன்பே ரூம் தேடிவிடுகிறார்கள். அப்படி ஒரு லாட்ஜுக்கு நான் வலைத்தளம் செய்து கொடுத்தேன். ஆபீஸ் வைஃபையில் கண்ணைச் சிமிட்டும் நேரத்தில் திறந்த பக்கம், ஓடும் ரயிலில் ஒரு கோடு சிக்னலில் திறந்தபோது வெறும் வெள்ளையாக நின்றது. படம் ஒவ்வொன்றாக வந்து விழ விழ, கீழே இருந்த போன் நம்பர் இன்னும் கீழே தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. உடம்பு முடியாத ஒருவரை மடியில் படுக்க வைத்துக்கொண்டு ஒரு கையால் போனைப் பார்க்கிற ஆளுக்கு இது எவ்வளவு தொல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தத் தொல்லையில் பாதியைத் தீர்ப்பது மங்கல் பிளேஸ்ஹோல்டர். நிஜப் படம் வந்து சேரும் வரை, அதே படத்தின் மிகச் சின்ன, மங்கலான பிரதி ஒன்றை அதே இடத்தில் காட்டி வைப்பது. அந்தப் பிரதி தனிக் கோப்பாக வராது, பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுத்து வடிவில் உட்கார்ந்திருக்கும். அதனால் பக்கம் வந்ததும் அதுவும் வந்துவிடும், தனியாக சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. இதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எப்படிச் செய்வது, எங்கெல்லாம் கை சுடும் என்பதை எனக்குத் தெரிந்தவரை முழுசாக எழுதுகிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்

பிளேஸ்ஹோல்டர் போட்டால் படம் சீக்கிரம் வரும் என்று நினைக்காதீர்கள். படம் வரவேண்டிய நேரத்தில்தான் வரும். காத்திருக்கும் ஆளுக்கு 'இங்கே ஒரு படம் இருக்கிறது, இன்ன நிறத்தில், இவ்வளவு இடத்தில்' என்று முன்கூட்டிச் சொல்வது மட்டும்தான் இதன் வேலை. ஆகவே நிஜப் படத்தைச் சுருக்காமல் இதைத் தொட்டுப் பயனில்லை. போனில் எடுத்த 4 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றினால், நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அது வந்து சேர 32 நொடி ஆகும். அதே படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் 120 கேபிக்குக் கொண்டுவந்தால் சுமார் ஒரு நொடி. அந்த ஒரு நொடியை நிரப்பத்தான் மங்கல் படம். 32 நொடிக்கு மங்கலையே பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

வேலையின் வரிசையும் அதுதான். முதலில் படத்தைச் சுருக்குங்கள், அடுத்து இடத்தை ஒதுக்குங்கள், அதற்கப்புறம் மங்கல். பலர் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்கு அழகாகத் தெரிவது அதுதான்.

இடம் ஒதுக்குவது

இது இரண்டு நிமிட வேலை, பலன் பெரிது. ஒவ்வொரு இமேஜ் டேகிலும் வித், ஹைட் இரண்டையும் எழுதுங்கள். சிஎஸ்எஸ்ஸில் அகலம் 100 சதவீதம், உயரம் ஆட்டோ என்று இருந்தாலும் பரவாயில்லை. இன்றைய பிரவுசர்கள் அந்த இரண்டு எண்ணிலிருந்து விகிதத்தைக் கணக்குப் போட்டு, படம் வரும் முன்பே சரியான உயரத்தை ஒதுக்கிவிடும். போன் நம்பர் கீழே கீழே ஓடியது என்று சொன்னேனே, அது இதோடு நின்றுவிடும். கூகுள் இந்தத் துள்ளலை சிஎல்எஸ் என்ற எண்ணால் அளக்கிறது, 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

மங்கல் படம் செய்யவே நேரமில்லை என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு, படத்தின் முக்கிய நிறம் ஒன்றை மட்டும் பின்னணியாகப் போட்டாலும் போதும். ஏழே எழுத்தில் முடிகிற வேலை அது. சின்னச் சின்னப் படங்கள் நிறைய இருக்கும் பக்கத்துக்கு நான் இப்போதும் இதைத்தான் செய்கிறேன்.

ஏன் 16 பிக்சல்

வேலூர் கோட்டையை அகழிக்கு இந்தப் பக்கம் நின்று போனில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். 4000க்கு 3000, மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சல். அதை 16க்கு 12 ஆக்கினால் 192 பிக்சல்தான் மிஞ்சும். அதாவது மூலப் படத்தின் 62,500 பிக்சல் சேர்ந்து ஒரே ஒரு பிக்சல் ஆகிறது. அதை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே நாலு வரிசை வெளிறிய நீலம். நடுவே சாம்பலும் பழுப்புமாக ஒரு பட்டை, அதுதான் கருங்கல் மதில். கீழே பச்சை கலந்த கருமை, அது அகழித் தண்ணீர். கொத்தளம் வளைகிற இடத்தில் மட்டும் பட்டை கொஞ்சம் தடித்திருக்கும். கல் தெரியாது, கொடி தெரியாது, மதில் மேல் நிற்கிற ஆள் தெரியமாட்டார். ஆனால் வேலூர்க்காரர் ஒருவரிடம் காட்டினால் என்ன படம் என்று சொல்லிவிடுவார். வெளியூர்க்காரருக்குக் கோட்டை என்று தெரியாவிட்டாலும், நிஜப் படம் வந்து விழும்போது கண் ஏற்கெனவே அந்த நிறங்களுக்குப் பழகியிருக்கும். திடுக்கென்று இருக்காது.

16 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெப்பி வடிவம் படத்தை 16க்கு 16 கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. 16க்கு 12 படம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அகலத்தை 20 ஆக்கினால் இரண்டு கட்டம் தேவை. நாலு பிக்சலுக்காக ஒரு கட்டம் கூடுதல் என்பது எனக்கு வீணாகப் படுகிறது. நெட்டுக்குத்துப் படமாக இருந்தால் நீளமான பக்கத்தை 16 ஆக வையுங்கள், குட்டையான பக்கம் தானாக வரட்டும்.

வடிவம் எது என்ற கேள்விக்கு என் பதில் வெப்பி. ஜேபெக் இங்கே சரிப்படாது. ஜேபெக் கோப்பு ஒவ்வொன்றின் தலையிலும், படத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் அட்டவணைகள் இருக்கும், அவை மட்டுமே சுமார் 600 பைட். 16 பிக்சல் படத்துக்கு 600 பைட் முகவுரை. இந்த முகவுரைச் சிக்கலை 2015ல் பேஸ்புக் எஞ்சினியர்கள் வேறு மாதிரித் தீர்த்தார்கள். எல்லாப் படத்துக்கும் பொதுவான ஒரே ஜேபெக் தலைப்பகுதியை ஆப்புக்குள்ளேயே வைத்துவிட்டு, 42 பிக்சல் அளவுள்ள முன்னோட்டப் படத்தின் உடல்பகுதியை மட்டும் சுமார் 200 பைட்டில் அனுப்பினார்கள். ஆப் இரண்டையும் ஒட்டிப் படமாக்கிக்கொள்ளும். ஆப் கையில் இருப்பவர்களுக்கு அருமையான வழி. வலைப்பக்கத்தில் நமக்கு வெப்பியே போதும், இந்த அளவில் பெரும்பாலும் 200 பைட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

படத்தைச் செய்வது

நான் நோட் ஜேஎஸ்ஸில் ஷார்ப் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். அடியில் லிப்விப்ஸ் என்ற படச் செயலாக்க லைப்ரரி ஓடுவதால் வேகம் நன்றாக இருக்கும், நூறு போட்டோ இருந்தாலும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். பைதான்காரர்கள் பில்லோ என்ற லைப்ரரியில் இதே வேலையைச் செய்யலாம், படிகள் மாறாது.

கோப்பைத் திறந்ததும் முதல் வேலை ரொட்டேட் மெத்தடை எந்த மதிப்பும் கொடுக்காமல் கூப்பிடுவது. இதை விட்டுவிட்டு நான் ஒரு நாள் முழுக்கத் திண்டாடினேன். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் உண்மையில் படுத்த நிலையில்தான் சேமிக்கப்படுகிறது, 'இதை 90 டிகிரி திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும், போட்டோவோடு சேர்ந்து வரும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். ஷார்ப் அந்தத் தகவலை எழுதும்போது இயல்பாகவே நீக்கிவிடும். எனவே திருப்பாமல் சுருக்கினால், நிஜப் படத்தில் கட்டில் நேராக இருக்கும், மங்கல் படத்தில் கட்டில் சுவரில் ஏறிப் படுத்திருக்கும். பில்லோவில் இதற்கு இமேஜ் ஆப்ஸ் பகுதியில் எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் என்ற ஃபங்ஷன் உண்டு.

இதே இடத்தில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஷார்ப்பின் மெட்டாடேட்டா சொல்லும் அகலமும் உயரமும் திருப்புவதற்கு முந்தைய எண்கள். அவற்றை அப்படியே எடுத்து இமேஜ் டேகில் எழுதினால் நெட்டுக்குத்துப் படத்துக்குப் படுக்கை இடம் ஒதுக்கிவிடுவீர்கள். 1200 பிக்சல் படத்தைச் செய்து முடித்தபின், அந்த வெளியீட்டோடு வரும் தகவலிலிருந்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரீசைஸ். அகலம் 16, உயரம் 16, ஃபிட் என்பதில் இன்சைட் என்று கொடுத்தால் நீளமான பக்கம் 16 ஆகி விகிதம் காப்பாற்றப்படும். பெரிய படத்தில் ஓரம் வெட்டியிருந்தால், அந்த வெட்டிய படத்திலிருந்துதான் மங்கலைச் செய்ய வேண்டும், மூலத்திலிருந்து அல்ல. இல்லாவிட்டால் இரண்டும் மாறும் நொடியில் படம் ஒரு குலுக்குக் குலுக்கும்.

அடுத்தது நிறம். ஆரணிப் பட்டுப் புடவை விற்கிற ஒருவருக்கு வேலை செய்தபோது கவனித்தேன், அரக்குச் சிவப்பு மங்கல் படத்தில் செங்கல் நிறமாக வந்தது. காரணம் எளிது: பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கூட்டி சராசரி எடுக்கும்போது பளிச்சென்ற நிறம் மங்கித்தான் போகும். அதோடு, வெப்பி நிறத் தகவலைப் பாதி அகலம் பாதி உயரத்தில்தான் வைக்கிறது, அதாவது நம் 16க்கு 12 படத்தில் நிறத்துக்கு 8க்கு 6 கட்டம்தான். சரிகை பார்டரின் மஞ்சள் உடலின் சிவப்புக்குள் கசிந்துவிடும். இதற்கு மாடுலேட் மெத்தடில் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, 1.2 ஆக வைக்கிறேன். துணிக்கடை, பூக்கடை, சாப்பாட்டுப் படம் எல்லாவற்றுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. ஆட்களின் முகம் உள்ள படத்துக்கு 1.1க்கு மேல் போகாதீர்கள், தோல் நிறம் ஆரஞ்சாகிவிடும்.

கடைசியாக வெப்பி, குவாலிட்டி 40, பஃபராக எடுத்து பேஸ்64 எழுத்தாக (பைட்டுகளை 64 விதமான சாதாரண எழுத்துகளால் எழுதும் முறை) மாற்றுங்கள். முன்னால் டேட்டா, இமேஜ் வெப்பி, பேஸ்64 என்று வழக்கமாக எழுதும் முன்னொட்டைச் சேர்த்தால் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய முகவரி தயார்.

எவ்வளவு எடை கூடும் என்று கணக்குப் பார்த்துவிடலாம். பேஸ்64 ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்தாக்குகிறது. 200 பைட் படம் 268 எழுத்து, முன்னொட்டு 23 எழுத்து, ஆக 291. முப்பது படம் இருந்தாலும் 9 கேபிக்குள். ஜிஜிப் சுருக்கம் சர்வரில் ஓடினால் அந்த மூன்றில் ஒரு பங்கு வீக்கத்தில் பெரும்பகுதி வழியில் இறங்கிவிடும், ஏனென்றால் 64 விதமான எழுத்துதானே. ஆனாலும் நூறு படம் உள்ள கேலரி முழுக்க எச்டிஎம்எல்லில் திணிக்காதீர்கள். புது இணைப்பில் சர்வர் முதல் சுற்றில் அனுப்பக்கூடியது பெரும்பாலும் 14 கேபி அளவுதான், அதற்குள் தலைப்பும் போன் நம்பரும் முதல் திரையும் வந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். கீழே உள்ள படங்களுக்கு நிறம் மட்டும் போதும்.

இந்த வேலையை ஒவ்வொரு முறை யாராவது பக்கத்தைத் திறக்கும்போதும் சர்வரில் செய்யக்கூடாது. தளத்தைக் கட்டும் நேரத்தில் ஒருமுறை ஓட்டி, ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம், மங்கல் எழுத்து மூன்றையும் ஒரு ஜேசன் கோப்பில் எழுதி வையுங்கள். டெம்ப்ளேட் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். டேட்டாபேஸ் உள்ள தளமாக இருந்தால் படம் ஏற்றும் நேரத்திலேயே செய்து, டேபிளில் ஒரு தனி நெடுவரிசையில் சேமித்துவிடலாம்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தானாகச் செய்யும் 150க்கு 150 தம்ப்நெயிலை இதற்கு எடுக்காதீர்கள், அது சதுரமாக வெட்டப்பட்டது, விகிதம் பொருந்தாது. தனியாக 16 பிக்சல் அளவு ஒன்றை வெட்டாமல் பதிவு செய்து, அதை பேஸ்64 ஆக்கிப் படத்தின் மெட்டாவில் சேமிக்க ஒரு சின்ன ஃபங்ஷன் எழுத வேண்டும்.

பக்கத்தில் காட்டுவது

எளிமையான வழியை முதலில் சொல்கிறேன், பெரும்பாலான தளங்களுக்கு இதுவே போதும். இமேஜ் டேகின் ஸ்டைலிலேயே பேக்ரவுண்ட் இமேஜாக அந்த எழுத்தைப் போடுங்கள், பேக்ரவுண்ட் சைஸ் கவர், பொசிஷன் சென்டர். முடிந்தது. நிஜப் படம் வந்ததும் பின்னணிக்கு மேல் வந்து மூடிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரி கூட வேண்டாம், அது வராமல் போனாலும் எதுவும் கெடாது. நிஜப் படத்துக்கு ஆப்ஜெக்ட் ஃபிட் கன்டெய்ன் வைத்திருந்தால் பின்னணிக்கும் கன்டெய்ன்தான் வைக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

ஒரே குறை, 16 பிக்சலை 360 பிக்சல் அகலத்துக்கு இழுத்தால் பிரவுசர் அதை வழவழப்பாக்கினாலும் மெல்லிய கட்டங்கள் கண்ணில் படும். சின்னக் கார்டுகளில் தெரியாது. அகலமான பேனரில் தெரியும். அங்கேதான் பிளர் தேவைப்படுகிறது. எவ்வளவு பிளர் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு: காட்டப்போகும் அகலத்தை 16ஆல் வகுங்கள், 360 என்றால் 22.5. இதுதான் ஒரு கட்டத்தின் அகலம். அதில் பாதியிலிருந்து முழுசு வரை, அதாவது சுமார் 11லிருந்து 22 பிக்சல் வரை பிளர் கொடுத்தால் கட்டம் மறைந்துவிடும், நிறங்களின் இடம் மட்டும் மிஞ்சும். அதற்கு மேல் போனால் எல்லாம் ஒரே கூழாகிவிடும்.

பிளரை எங்கே போடுவது? இமேஜ் டேகின் மேலேயே சிஎஸ்எஸ் ஃபில்டர் போட்டால் நிஜப் படமும் சேர்ந்து மங்கும், அதனால் மங்கலுக்குத் தனி எலிமென்ட் வேண்டும். ஒரு டிவ், அதற்கு ஓவர்ஃப்ளோ ஹிடன், உள்ளே மங்கல் படம் கீழே, நிஜப் படம் மேலே. மங்கலை ஸ்கேல் மூலம் 1.1 மடங்கு பெரிதாக்குங்கள். பிளர் ஆகும்போது ஓரத்துப் பிக்சல்கள் வெளியே உள்ள வெறுமையோடு கலந்து வெளிறிப்போகும், அந்த ஓரங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளத்தான் இது. ஒன்றிரண்டு படத்துக்கு இது சரி. இருபது படத்துக்கு ஃபில்டர் போட்டால் விலை குறைந்த போன்களில் ஸ்க்ரோல் திக்கித் திணறும், நம் பக்கம் திறக்கப்படுவதே அந்தப் போன்களில்தான். நிஜப் படம் வந்ததும் மங்கல் எலிமென்ட்டை நீக்கிவிடுவது நல்லது.

இன்னொரு வழி, மங்கல் படத்தை ஒரு எஸ்விஜிக்குள் வைத்து, எஸ்விஜியின் காசியன் பிளர் ஃபில்டரால் மங்கலாக்கி, அந்த முழு எஸ்விஜியையும் பின்னணி எழுத்தாக்குவது. தனி எலிமென்ட் வேண்டாம், முதல் வழியின் எளிமை அப்படியே இருக்கும். சில நூறு எழுத்து கூடும். இங்கேயும் ஓரம் வெளிறும். பிளருக்கு அடுத்து ஆல்ஃபாவை, அதாவது ஊடுருவித் தெரியாத அளவை, முழுசாக 1 ஆக்கும் ஒரு படியைச் சேர்த்தால் ஓரம் கெட்டியாகிவிடும். பேனருக்கு நான் இதைத்தான் எடுக்கிறேன்.

மெதுவாகத் தெளிவது போன்ற ஃபேட் எல்லோருக்கும் பிடிக்கும். செய்யலாம், ஆனால் மூன்று விஷயம் பார்த்துச் செய்யுங்கள். படத்தின் ஒபாசிட்டியை 0 ஆக்குவது சிஎஸ்எஸ்ஸில் நேரடியாக இருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் வராத நேரத்தில் படம் என்றைக்குமே தெரியாது. ஆகவே பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எச்டிஎம்எல் எலிமென்ட்டுக்கு ஒரு கிளாஸ் சேர்க்கட்டும், அந்த கிளாஸ் இருந்தால் மட்டும் ஒபாசிட்டி 0 என்று வையுங்கள். இரண்டாவது, முன்பே கேஷில் (பிரவுசர் சேமித்து வைக்கும் இடத்தில்) இருக்கும் படம் நம் ஸ்கிரிப்ட் காது கொடுக்கும் முன்பே வந்து முடிந்திருக்கும், லோட் ஈவென்ட் மறுபடி வராது. முதலில் கம்ப்ளீட் என்ற பண்பு உண்மையா என்று பார்த்து, உண்மை என்றால் உடனே காட்டிவிடுங்கள். இதை விட்டால் இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு மட்டும் படம் தெரியாமல் போகும், நம் கணினியில் எப்போதும் கேஷை அணைத்துவிட்டே சோதிப்பதால் நமக்குத் தெரியவே தெரியாது. மூன்றாவது, அசைவைக் குறைக்கும்படி போனில் அமைத்திருப்பவர்களுக்கு ஃபேட் வேண்டாம், அதற்கான மீடியா குவெரி இருக்கிறது. ஃபேட் நேரம் 300 மில்லி நொடிக்கு மேல் தேவையில்லை.

முதல் திரையில் உள்ள பெரிய படத்துக்கு ஃபேட்டே வேண்டாம் என்பேன். லேசி லோடிங்கும் (திரைக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் படத்தை எடுப்பது) அதற்குப் போடக்கூடாது, ஃபெட்ச் பிரையாரிட்டி ஹை என்று வையுங்கள். கீழே உள்ளவற்றுக்கு மட்டும் லேசி. எல்சிபி என்று கூகுள் அளக்கும் எண், அதாவது திரையின் பெரிய பகுதி தெரிய எடுக்கும் நேரம், 2.5 நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். மங்கல் படம் போட்டால் அந்த எண் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023ல் வந்த குரோம் 112லிருந்து, காட்டப்படும் பரப்புக்கு ஏற்ற தகவல் இல்லாத படங்களை, ஒரு பிக்சலுக்கு 0.05 பிட்டுக்குக் கீழே உள்ளவற்றை, அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நம் மங்கல் படம் அதில்தான் விழும். அது நியாயம்தான். மங்கலைப் பார்த்து யாரும் ரூமைத் தேர்ந்தெடுக்க முடியாதே.

படம் வராமலே போனால்? சிக்னல் முழுசாகப் போய்விட்டால் மங்கல் படம் அப்படியே நின்றுவிடும், பார்க்கிறவர் வரும் வரும் என்று காத்துக்கொண்டிருப்பார். எரர் ஈவென்ட்டில் பின்னணியை எடுத்துவிட்டு ஆல்ட் எழுத்து தெரியும்படி செய்யுங்கள். 'இரண்டு கட்டில் அறை, ஜன்னல் உண்டு, தரைத்தளம்' என்று ஆல்ட்டில் எழுதியிருந்தால் அவருக்கு அதுவே போதும். நடக்க முடியாத நோயாளிக்குத் தரைத்தளம் என்ற சொல் படத்தை விட முக்கியம்.

எதை எங்கிருந்து ஏற்றலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசியைத் தளத்தில் போட்டிருந்தால் படங்களுக்கான வரியில் டேட்டா முகவரிகளை அனுமதிக்க மறக்காதீர்கள். எல்லாம் சரியாகச் செய்தும் மங்கல் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஹாஷ் வகைகள்

மங்கல் படத்தையே சில எழுத்தாகச் சுருக்கி வைக்கும் வழிகளும் உண்டு. பிளர்ஹாஷ் என்று ஒன்று இருக்கிறது, ஃபின்லாந்தின் வோல்ட் என்ற சாப்பாட்டு டெலிவரி நிறுவனம் வெளியிட்டது. படத்தை 4க்கு 3 அலைக்கூறுகளாக்கினால் 28 எழுத்தில் முடிந்துவிடும். தம்ப்ஹாஷ் 2023ல் எவன் வாலஸ் வெளியிட்டது, அதில் படத்தின் விகிதமும் ஊடுருவித் தெரிகிற பகுதியும் கூட அடங்கும். இரண்டுமே அருமையான வேலை. ஆனால் அந்த எழுத்தைப் படமாக்க ஜாவாஸ்கிரிப்ட் வந்து ஓட வேண்டும். மோசமான சிக்னலில் கடைசியாக வருவதே ஜாவாஸ்கிரிப்ட்தான். ஆப் எழுதுகிறவர்களுக்கும், ஆயிரக்கணக்கான படங்களை டேட்டாபேஸில் வைத்திருப்பவர்களுக்கும் இவை பொருந்தும். எழுத்தாக சேமித்து வைத்து, சர்வரிலேயே சின்னப் படமாக மாற்றி அனுப்பினால் வலைப்பக்கத்துக்கும் சரிதான். லாட்ஜ், துணிக்கடை, ஸ்வீட் ஸ்டால் அளவுக்கு நேரடி வெப்பியே நல்லது.

எங்கே போடக்கூடாது

விலைப்பட்டியலைப் படமாக வைத்திருந்தால் மங்கல் போடாதீர்கள், மங்கிய எழுத்தைப் பார்த்தால் கண் அதைப் படிக்க முயன்று வலிக்கும். அந்தப் பட்டியலை எழுத்தாகவே தட்டச்சு செய்துவிடுவது இன்னும் நல்லது. லோகோவுக்கும் ஐகானுக்கும் தேவையில்லை. பின்னணி நீக்கிய பிஎன்ஜி படத்துக்குப் போட்டால், நிஜப் படம் வந்த பிறகும் ஓட்டை வழியாக மங்கல் எட்டிப்பார்க்கும். ஒன்று, லோட் ஆனதும் பின்னணியை எடுங்கள், அல்லது போடாமலே விடுங்கள். போனுக்கு ஒரு வெட்டு, கணினிக்கு வேறு வெட்டு என்று பிக்சர் டேகில் இரண்டு விதமாகக் கொடுத்தால் ஒரே மங்கல் இரண்டுக்கும் பொருந்தாது, அங்கே நிறத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சோதிப்பது

குரோம் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்து, கேஷை அணைத்துப் பாருங்கள். பிறகு கேஷை விட்டுவிட்டு இன்னொரு முறை. பிறகு ஜாவாஸ்கிரிப்டை அணைத்து ஒரு முறை. பிறகு படங்களின் முகவரியை மட்டும் தடுத்து ஒரு முறை, எரர் ஈவென்ட் வேலை செய்கிறதா என்று. இந்த நாலும் தாண்டினால் நிஜப் போனில் பாருங்கள். நான் ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி பக்கம் போகும்போதெல்லாம் சிக்னல் குறைகிற இடமாகப் பார்த்து நின்று, செய்த தளங்களைத் திறந்து பார்க்கிறேன். ரயில் என்றால் காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே. டெவ்டூல்ஸ் காட்டுவது ஒரே சீரான மெதுவேகம். நிஜத்தில் சிக்னல் வரும், அறுந்துபோகும், திடீரென்று கொட்டும். பாதிப் படம் வந்து நிற்கும்போது கீழ்ப்பாதியில் மங்கல் தெரிகிறதா என்பதை அங்கேதான் பார்க்க முடிந்தது.

கேஷ் சாவி

ஒவ்வொரு முறையும் எல்லாப் படத்தையும் மறுபடி சுருக்காமல் இருக்க, ஏற்கெனவே செய்ததை விட்டுவிட்டுப் புதிதை மட்டும் செய்யும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுவோம். எது ஏற்கெனவே செய்தது என்று கண்டுபிடிக்கும் அடையாளமாக, அதாவது சாவியாக, கோப்பின் பெயரை வைக்காதீர்கள், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து எடுத்த ஹாஷை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் ஒரு குறியீடு) வையுங்கள். லாட்ஜ்காரர் போன பொங்கலுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பச்சை பெட்ஷீட்டை மாற்றி நீலம் விரித்து, அதே பெயரில் புதுப் போட்டோக்களை அனுப்பி வைத்தார். நான் கோப்பின் பெயரைச் சாவியாக வைத்திருந்தேன். பக்கத்தைத் திறந்தால் முதலில் பச்சைக் கட்டில் மங்கலாகத் தெரிகிறது, ஒரு நொடியில் நீலக் கட்டில் வந்து உட்காருகிறது. கவனித்துச் சொன்னது அவர்தான், "சார், இன்னும் பழைய பெட்ஷீட் கொஞ்ச நேரம் தெரியுதே" என்று. ஜேசன் கோப்பை அழித்து, சாவியை ஹாஷுக்கு மாற்றி மறுபடி ஓட்டினேன். அதற்குப் பிறகு அவர் மூன்று முறை படம் மாற்றிவிட்டார், மங்கலும் கூடவே மாறியது.